முப்பது ரூபாய் கிளார்க்கும் ஒரு நாராயண ஐயரும்

டிசம்பர் 22 வந்தா போதும், ராமானுஜன் பஸ் கிளம்பிடும். ஈரோடு, கும்பகோணம், நாமக்கல் நாமகிரித் தாயார், கேம்பிரிட்ஜ், கடைசி ஸ்டாப் டாக்ஸி நம்பர் 1729. எல்லாரும் இறங்கியாச்சா, ரைட் ரைட்! இந்த ரூட்ல வடசென்னைன்னு ஒரு ஸ்டாப்பே கிடையாது. எனக்கு ரொம்ப நாளா இதுல ஒரு வருத்தம். நான் குடியிருக்கிறது சாத்தாங்காடு. எங்க ஏரியா பேரைச் சொன்னா ஜனங்களுக்கு ஞாபகம் வர்றது இரும்பு மார்க்கெட்டும் வரிசை கட்டி நிக்கிற கண்டெய்னர் லாரியும்தான். அந்த லாரியெல்லாம் எங்கே போகுதோ, அந்தத் துறைமுகத்துலதான் மனுஷன் பதினாலு மாசம் கிளார்க்கா உக்காந்து கணக்கு எழுதினார். அங்கேருந்துதான் ஹார்டிக்கு அந்தக் கடிதமும் போச்சு.

அதனால இந்தப் பதிவுல 1729 வராது, நாமகிரித் தாயார் கனவும் வராது. தெரியாதவங்க யாரும் இருக்கப் போறதில்லை. நான் பேச நினைக்கிறது வேற. சின்ன வயசுல ஒருத்தன் சொந்தமா ஒரு கணக்கைக் கண்டுபிடிக்கிறான்னு வைங்க. அதுக்கு அப்புறம் என்ன நடக்குது? யார்கிட்ட கொண்டுபோய்க் காட்டுறான்? அவங்க என்ன சொல்றாங்க?

கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெரு. அப்பா துணிக்கடையில் குமாஸ்தா. பையன் டவுன் ஹைஸ்கூலில் படிக்கிறான். காலேஜ் மாணவர் ஒருவரிடமிருந்து லோனி எழுதிய திரிகோணமிதி புத்தகம் கைக்கு வருது. பன்னிரண்டு, பதிமூணு வயசுக்குள்ள அதை முடிச்சாச்சு. முடிச்சதோட நிக்காம சைன், கொசைன் ரெண்டையும் அடுக்குக்குறிச் சார்போட இணைக்கிற ஒரு தொடர்பைத் தானே கண்டுபிடிக்கிறான். தான் கண்டது புதுசுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தவனுக்கு, அது ஆய்லர் என்கிற ஸ்விட்சர்லாந்துக்காரர் ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்னாடியே எழுதி வெச்சதுன்னு தெரிய வருது. உடனே என்ன பண்ணினான் தெரியுமா? எழுதின காகிதத்தையெல்லாம் கொண்டுபோய் வீட்டுக் கூரையில செருகி ஒளிச்சு வெச்சுட்டான். வெட்கம்! இதைப் பதிவு செஞ்சவர்கள் அவரை நேரில் அறிந்த சேஷு ஐயரும் ராமச்சந்திர ராவும்.

இந்தக் கூரைக் காகிதம்தான் எனக்கு ராமானுஜன் வாழ்க்கையிலேயே முக்கியமான இடம். ஆய்லர் கணித உலகத்தோட மாமலை. அந்த மலை ஏறின ஒரு பாதையை ஒரு பள்ளிக்கூடப் பையன் துணையில்லாம ஏறியிருக்கான். அதைப் பாத்து தோளைத் தட்ட ஒரு ஆள் இருந்திருந்தா அவன் ஒளிச்சு வெச்சிருப்பானா? 'இது ஏற்கனவே இருக்குப்பா'ன்னு சொல்றது ரொம்ப சுலபம். 'அடேயப்பா, இதை நீயா கண்டுபிடிச்சே?'ன்னு சேர்த்துச் சொல்லணும்னா, சொல்றவருக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும், மனசும் இருக்கணும்.

1903ல் கார் என்பவர் தொகுத்த ஒரு தடிமனான சூத்திரப் புத்தகம் கிடைச்சுது. ஆயிரக்கணக்கில் முடிவுகள், நிரூபணம் மட்டும் பேருக்கு. நம்ம ஊர் நோட்ஸ் மாதிரின்னு வெச்சுக்குங்க. அதுல இருந்த ஒவ்வொண்ணையும் தானே நிறுவிப் பார்க்க ஆரம்பிச்சார், அங்கேருந்து அதுல இல்லாததுக்குத் தாவினார். அதுக்கப்புறம் நடந்தது தெரிஞ்ச கதைதான். 1904ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோட சேர்ந்தார், இங்கிலீஷில் கோட்டை விட்டதால் உதவித்தொகை போச்சு, 1905ல் விசாகப்பட்டினம் பக்கம் ஓட்டம், 1906ல் பச்சையப்பன் கல்லூரி, எஃப்.ஏ. பரீட்சையில் ரெண்டு தடவை ஃபெயில். கணக்கு தவிர வேற எதையும் தொடலை. 1909ல் ஜானகியோட கல்யாணம். கையில் வேலை இல்லை, பட்டம் இல்லை. நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்துச்சு.

அந்த நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு 1910ல் திருக்கோயிலூருக்குப் போறார். அங்கே டெபுடி கலெக்டரா இருந்தவர் வி. ராமசுவாமி ஐயர். 1907ல் இந்தியக் கணிதக் கழகத்துக்கு விதை போட்டவர். போன நோக்கம், எங்கேயாவது ஒரு தாலுகா ஆபீஸ்ல குமாஸ்தா வேலை கிடைக்குமான்னுதான். நோட்டைப் புரட்டிப் பாத்த ஐயர் வேலை போட்டுக் கொடுக்காம சென்னைக்கு சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கேருந்து சேஷு ஐயர், அவர் மூலமா நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் மாசாமாசம் 25 ரூபாய் தன் கைக்காசைக் கொடுத்து 'நீ கணக்குப் போடு'ன்னுட்டார்.

1911ல் இந்தியக் கணிதக் கழகத்தின் சஞ்சிகையில் பெர்னூலி எண்கள் பத்தி முதல் கட்டுரை வந்துச்சு. அதே சஞ்சிகையில் வாசகர்களுக்குச் சில புதிர்களும் போட்டார். அதுல ஒண்ணு இங்கே சொல்லியே ஆகணும். கணக்குன்னா அலர்ஜி உள்ளவங்க அடுத்த பாராவைத் தாண்டிடலாம். ஆனா தாண்டாதீங்க, எட்டாங்கிளாஸ் கணக்குதான் :)

புதிர் இதுதான். வர்க்கமூலம் போட்டு உள்ளே 1 கூட்டல் 2 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம். அதுக்குள்ளே 1 கூட்டல் 3 பெருக்கல் இன்னொரு வர்க்கமூலம். அதுக்குள்ளே 1 கூட்டல் 4 பெருக்கல்... இப்படி முடிவே இல்லாம உள்ளே உள்ளே போயிக்கிட்டே இருக்கும். விடை என்ன? சஞ்சிகையோட வாசகர்கள் எல்லாம் கணித வாத்தியார்கள். ஆறு மாசம் ஆச்சு, ஒருத்தர்கிட்டேருந்தும் விடை வரலை. கடைசியில் அவரே சொன்னார். விடை வெறும் 3.

எப்படின்னா, 3 என்பது 9ன் வர்க்கமூலம். 9ஐ 1 + 8ன்னு பிரிங்க. 8ஐ 2 × 4ன்னு எழுதுங்க. இப்போ அந்த 4 யாரு? 16ன் வர்க்கமூலம். 16 = 1 + 15, 15 = 3 × 5. அந்த 5? 25ன் வர்க்கமூலம். 25 = 1 + 24, 24 = 4 × 6. அந்த 6? விளங்கிருச்சா? வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிச்சுக்கிட்டே போகலாம். (நிஜமாவே முடிவிலி வரைக்கும் போனா 3லதான் வந்து நிக்குமான்னு தனியா நிரூபிக்கணும், அது காலேஜ் சமாச்சாரம்.) விடை தெரிஞ்சதும் 'ப்பூ, இவ்வளவுதானா'ன்னு தோணும். தெரியறதுக்கு முன்னாடி ஆறு மாசம்.

சரி, துறைமுகத்துக்கு வருவோம். கலெக்டர் கொடுக்கிற இனாம் காசுல எத்தனை நாள் ஓட்டுறதுன்னு ராமானுஜனுக்கே உறுத்தல். 1912 ஆரம்பத்தில் அக்கவுண்டண்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாய்க்குத் தற்காலிகமா கொஞ்ச நாள். அப்புறம் 1912 பிப்ரவரி 9 தேதியிட்டு மெட்ராஸ் போர்ட் டிரஸ்டுக்கு ஒரு விண்ணப்பம். மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரை படிச்சேன், சந்தர்ப்பம் சரியில்லாததால் மேலே படிக்க முடியலை, ஆனா நேரமெல்லாம் கணிதத்துல செலவு பண்றேன்னு எழுதினார். கூட பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த நற்சான்று. மார்ச் 1ஆம் தேதி வேலை. மூணாம் வகுப்பு, நாலாம் கிரேடு கிளார்க், கணக்குப் பிரிவு, சம்பளம் 30 ரூபாய். எந்த ஆபீஸ் ரிஜிஸ்டரிலும் கடைசி வரியில் இருக்கிற பேரு.

துறைமுகத்துக்குத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ரயில்வேயிலேருந்து வந்த இன்ஜினியர். கிழக்கே பாத்து இருந்த துறைமுக வாயை மூடி வடகிழக்குப் பக்கம் திருப்பின வேலை இவர் காலத்தில்தான் நடந்துச்சு. அவருக்குக் கீழே தலைமைக் கணக்கர் எஸ். நாராயண ஐயர். என்னோட ஹீரோ இவர்தான்! திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணித ஆசிரியரா இருந்தவர். துறைமுக உத்தியோகத்துக்கு வந்த பின்னாலும் கணக்கை விடலை, இந்தியக் கணிதக் கழகத்துக்குப் பொருளாளர். யோசிச்சுப் பாருங்க, கப்பல் வாடகையும் கிட்டங்கி வசூலும் பாக்கிற ஒரு ஆபீஸ்ல உங்க மேலதிகாரி கணிதக் கழகப் பொருளாளர்! நமக்கெல்லாம் வாய்ச்ச மேனேஜர்களை நினைச்சா... வேணாம், விடுங்க.

சாயங்காலம் ஆபீஸ் முடிஞ்சா ராமானுஜன் நாராயண ஐயர் வீட்டுக்குப் போவார். திருவல்லிக்கேணி, பைகிராப்ட்ஸ் ரோடு. மாடியில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்லேட்டை மடியில் வெச்சுக்கிட்டு ராத்திரி வெகுநேரம் கணக்குப் போடுவாங்களாம். காகிதம் விலை ஜாஸ்தி. ராமானுஜன் ஸ்லேட்டுல எழுதி, முழங்கையால் அழிச்சு, திரும்ப எழுதுவார். துணி எடுத்துத் துடைக்கிற நேரம்கூட வீண்னு நினைச்சிருப்பார் போல. துறைமுகத்துல சரக்குக் கட்டி வந்த பேக்கிங் காகிதத்தைக்கூட விட்டு வெக்கலைன்னு சொல்வாங்க.

இந்த மாடிக் கணக்கு பத்தி நாராயண ஐயரின் மகன் சொன்ன ஒரு நினைவு உண்டு. ராமானுஜன் ஒரு வரியிலேருந்து அடுத்த வரிக்கு ஒரே தாவா தாவிடுவார். ஐயருக்கே, அவரும் கணித வாத்தியார்தானே, பிடிபடலை. 'நீ என் மட்டத்துக்கு இறங்கி வாப்பா, உன்னோட ரெண்டு வரிக்கு நடுவுல பத்து வரியாவது எழுது, எனக்கே புரியலேன்னா வெளியில யாருக்குப் புரியும்?' என்கிற பொருளில் பிடிவாதமாச் சொல்வாராம். ராமானுஜனுக்கு அது சலிப்பு. ஐயர் விடலை.

மேதைகளோட வாழ்க்கை வரலாற்றுல இந்த வேலைக்குப் பேரே கிடையாது. ஆனா நல்லா கவனிச்சுப் பாருங்க. ராமானுஜனுக்கு அதுவரைக்கும் கிடைச்சவங்க ரெண்டு வகை. ஒண்ணு, புரியாம விரட்டினவங்க. இன்னொண்ணு, முழுசாப் புரியலேன்னாலும் நல்ல மனசோட காசு கொடுத்தவங்க. பக்கத்துல உக்காந்து, தினமும் படிச்சு, 'இந்த இடம் புரியலை, விளக்கு'ன்னு ஒரு சக கணிதக்காரனா கேட்டவர்னா நாராயண ஐயர்தான். ஆபீஸ்ல மேலதிகாரி, மாடியில கூட்டாளி. அது மட்டுமில்ல, ஸ்பிரிங் துரையோட காதுல இந்தப் பேரைப் போட்டுக்கிட்டே இருந்ததும் அவர்தான்.

ஸ்பிரிங்கும் மத்த சில வெள்ளைக்கார இன்ஜினியர்களும் ஆர்வம் எடுத்தாங்க. இன்ஜினியரிங் கல்லூரி கிரிஃபித், லண்டனில் தன் பழைய பேராசிரியர் ஹில்லுக்கு எழுதிக் கேட்டார். ஹில் பொறுமையாப் படிச்சு, பையனுக்குத் திறமை இருக்கு, ஆனா விரிதொடர்கள் விஷயத்துல குழியில் விழுந்திருக்கான், இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும்னு பதில் போட்டார். தப்பில்லாத பதில்தான். ஆனா ஒரு கிளார்க்கோட வாழ்க்கையை மாத்துற பதில் இல்லை. கேம்பிரிட்ஜில் பேர்போன இரண்டு பேராசிரியர்களுக்கு எழுதினதும் பலிக்கலை.

அப்புறம்தான் 1913 ஜனவரி 16. ஹார்டிக்குக் கடிதம். தன்னை அவர் அறிமுகப்படுத்திக்கிட்டதே, சென்னை துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் வருஷத்துக்கு இருபது பவுன் சம்பளம் வாங்கும் கிளார்க், வயசு சுமார் 23ன்னுதான். (வயசு அப்போ 25 முடிஞ்சாச்சு. ரெண்டு வருஷம் குறைச்சுட்டார், நம்ம ஊர் ஆளுதானே! சம்பளமும் அப்படித்தான். மாசம் 30ன்னா வருஷத்துக்கு 360 ரூபாய், அன்னிக்குப் பவுனுக்கு 15 ரூபாய்ன்னா 24 பவுன் வரணும். உலகத்தை அசைச்ச கணிதக் கடிதத்தோட முதல் கணக்கே இடிக்குது.) ஹார்டி பிப்ரவரி 8ல் பதில் எழுதினார். அவர் கேட்டது என்ன தெரியுமா? நிரூபணம் காட்டு, நடு வரிகளை எழுதுன்னு. பைகிராப்ட்ஸ் ரோடு மாடியில் நாராயண ஐயர் கேட்டதேதான்.

அதுக்குப் பிறகு எல்லாம் வேகம். அதே பிப்ரவரியில் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னை வந்தவர் நோட்டுகளைப் பாத்துட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். பட்டம் இல்லாத ஆளுக்கு மாசம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை, மே 1லேருந்து. துறைமுகக் கிளார்க் உத்தியோகம் அதோட முடிஞ்சுது. 1914 மார்ச் 17ல் 'நெவாசா' கப்பலில் இதே துறைமுகத்திலேருந்து புறப்பட்டார். (அதே வருஷம் செப்டம்பர் 22ல்தான் எம்டன் வந்து எண்ணெய் டாங்கிகள் மேல குண்டு போட்டுச்சு. ஆறு மாசம் தள்ளியிருந்தா அந்தப் பயணம் நடந்திருக்குமா?) 1918ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ. 1919ல் உடம்பு கெட்டுத் திரும்பி, 1920 ஏப்ரல் 26ல் சேத்துப்பட்டில் காலமானார். வயசு 32.

இப்போ ஆரம்பத்துக் கேள்விக்கு வர்றேன். ராமானுஜன் இந்தியாவில் இருந்தப்ப செஞ்ச சிறந்த வேலைகளில் மூணுல ரெண்டு பங்கு மறுகண்டுபிடிப்புன்னு ஹார்டி பின்னாளில் மதிப்பிட்டார். அதாவது ஐரோப்பாவில் யாரோ முன்னமே கண்டது. பகா எண்களைப் பத்திக் கடிதத்தில் பெருமையா எழுதினது தப்பாவே போச்சு. ராமானுஜன் இளம் வயசுல செத்ததைவிட, கல்லூரியை விட்ட பின்னால் வழிகாட்ட ஆளில்லாமப் போன அந்த அஞ்சு வருஷம்தான் பெரிய சோகம்னு ஹார்டி நினைச்சார். அந்த வருஷங்களில் கைவசம் இருந்தது தனிமையும் கார் புத்தகமும்தான். எனக்கு இதுல பாதிதான் சம்மதம். அந்த வருஷங்களில்தான் நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அந்த முடிவுகளை ஒவ்வொண்ணா நிறுவி புரூஸ் பெர்ண்ட் ஐந்து தொகுதியாக் கொண்டுவர 1985லேருந்து 1998 வரை ஆச்சு. வீணாப்போன வருஷம்னு அதைச் சொல்ல மனசு வரலை. ஆனா ஆய்லரை மறுபடி கண்டுபிடிக்கிற உழைப்பை, ஆய்லர் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா, வேற எங்கே கொண்டுபோயிருப்பார்னு நினைச்சா வயிறு எரியத்தான் செய்யுது.

ஆள் பக்கத்துல இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு வெளியூர் உதாரணம் நிறைய. பாஸ்கல் 16 வயசில் கூம்பு வெட்டுகள் பத்தின தேற்றத்தை எழுதினப்ப அப்பாவே கணிதம் தெரிஞ்சவர், பாரிஸ் கணிதக்காரர்கள் கூட்டத்துக்குப் பையனைக் கூட்டிக்கிட்டுப் போனவர். சமீபத்துல, 2025ல் ஹன்னா கெய்ரோன்னு ஒரு 17 வயசுப் பொண்ணு, நாற்பது வருஷமா பெரிய ஆட்கள் நம்பிக்கிட்டிருந்த மிசோஹாட்டா - டக்கேயூச்சி கணிப்பு தப்புன்னு நிரூபிச்சா. பெர்க்லியில் ஒரு பேராசிரியர் வகுப்பில் வீட்டுப்பாடமா வந்ததுலேருந்து முளைச்ச வேலை அது. பொண்ணோட மூளை அவளோடதுதான். ஆனா காட்டுறதுக்கு ஒரு ஆள் இருந்தார்.

எங்க தெருவிலும் ஒண்ணு நடந்துச்சு, மேதைக் கதை இல்லை, பயப்படாதீங்க. ஏழாவது படிக்கிற ஒரு பையன். தினசரி மாதக் காலண்டரில் நாலு கட்டத்தைச் சதுரமா எடுத்துக்கிட்டான். உதாரணமா 8, 9, கீழே 15, 16. குறுக்கே பெருக்கினா 8 × 16 = 128. 9 × 15 = 135. வித்தியாசம் 7. எந்த நாலு கட்டம் எடுத்தாலும் 7. இதை டியூஷனில் காட்டினா 'பரீட்சைக்கு வர்றதைப் படிடா'ன்னு ஒரு அதட்டல். என்கிட்ட வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுச் சொன்னான். எனக்கும் பெரிசா ஒண்ணும் தெரியாது. 'ஒன்பது கட்டம் எடுத்து நாலு மூலையை மட்டும் பெருக்கினா?'ன்னு கேட்டு வெச்சேன். ரெண்டு நாள் கழிச்சு வந்தான். ஒன்பது கட்டத்துக்கு 28. கேக்காமலே பதினாறு கட்டமும் போட்டிருந்தான், 63. '28ல நாலு ஏழு, 63ல ஒன்பது ஏழு, முதல்ல ஒரு ஏழு. 1, 4, 9 அண்ணே!'ன்னான். அவனுக்கு இன்னும் இயற்கணிதம் ஆரம்பிக்கவே இல்லை.

இந்தக் காலண்டர் விளையாட்டைப் புத்தகமாவே போட்ட ஒருத்தர் நம்ம வடசென்னையில இருந்தார். பி.கே. சீனிவாசன் (1924 - 2005), முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர். பசங்க தாங்களே எண்களில் ஒழுங்கைத் தேடிக் கண்டுபிடிக்கணும், கண்டதை அடுத்தவங்களுக்கு நின்னு விளக்கணும்னு கணிதக் கண்காட்சி, கணித மன்றம்னு வாழ்நாள் பூரா அலைஞ்சவர். ராமானுஜன் பித்து அவருக்கு. கடிதங்களையும், ராமானுஜனோட பழகினவங்க உயிரோட இருக்கும்போதே அவங்க நினைவுகளையும் தேடித் தேடிச் சேகரிச்சு, 1968ல் ரெண்டு தொகுதியாக் கொண்டுவந்தார். வெளியிட்டது பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை, அந்த முத்தியால்பேட்டைப் பள்ளிக்கூடம்தான். ராமானுஜன் வரலாறு எழுதுறவங்க எல்லாரும் அங்கே போய்த்தான் நிக்கணும்.

1993ல் ராயபுரம் சோமு செட்டித் தெருவில் அவ்வை கலைக் கழகத்தில் ஏ.டி. போஸ் என்பவர் முயற்சியில் ராமானுஜன் அருங்காட்சியகம் ஆரம்பிச்சப்போ அதுக்குப் பொறுப்பா இருந்து வடிவம் கொடுத்தவரும் இந்த வாத்தியார்தான். துறைமுகத்துக்குக் கூப்பிடு தூரத்துல, வீடுகளுக்கு நடுவுல ஒரு சின்ன இடம். நோட்டுகளின் நகல், கடிதங்கள், படங்கள். பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போக நினைக்கிறவங்க திறந்திருக்கான்னு முன்கூட்டியே விசாரிச்சுக்கிட்டுப் போங்க.

டிஸ்கி: நாராயண ஐயர் பத்தி உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது ஏதாவது சொல்லக் கேட்டிருந்தா பின்னூட்டத்தில் அவசியம் எழுதுங்க. 1729 பத்தி எழுதினா பிரசுரிக்க மாட்டேன் :)